உஷார்! முளைச்சதெல்லாம் கீரை இல்லை

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. தோட்டத்து வேலியோரம் போன என் மகள் அங்கிருந்தே கத்தினாள்: "அப்பா, காளான்!"

புல்லுக்கு நடுவே வட்டம் கட்டி நின்றன. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் குடைகள், உச்சியில் மட்டும் பழுப்புச் செதில். அப்பனும் மகளுமாக ஒரு முறம் நிறையப் பொறுக்கிவிட்டோம். போனில் இருந்த செடி காட்டும் செயலியில் படம் பிடித்துப் போட்டேன். அதுவும் ஒரு பெயரைச் சொல்லி, உண்ணலாம் என்றது. மனைவி சின்ன வெங்காயம் உரித்து, மிளகு தட்டி வைத்துவிட்டாள். சந்தையில் காளான் விற்கிற விலைக்கு, காசில்லாமல் ஒரு விருந்து.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா மோர் கொண்டு வந்தார். முறத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார்.

"எங்க கண்ணு பொறுக்குனது?"

"வேலியோரம் புல்லுலதானுங்க ஆத்தா."

"புத்து இருந்துச்சா?"

"இல்லீங்களே."

"அப்ப ஆகாது. கொண்டு போய்க் குழியில கொட்டு."

குடையின் அடியில் இருந்த மடிப்புகளைக் காட்டினார். வெள்ளை என்று நான் நினைத்திருந்தது உற்றுப் பார்த்தால் சாம்பல் கலந்த பச்சை. "புத்துக்காளானைப் புடுங்குனா வேர் மாதிரி நீளமா மண்ணுக்குள்ள போவும், புத்து வரைக்கும். இது பாரு, கையோட வந்துருச்சு. பேரும் ஊரும் தெரியாததை அடுப்புல ஏத்தலாமா கண்ணு?"

அன்று மிளகும் வெங்காயமும் ரசத்துக்குப் போயின. ஆத்தா சொன்ன அந்த 'பேரும் ஊரும்' மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த எச்சரிக்கை.

நானும் எளிய வாழ்க்கை தேடி நகரத்தை விட்டு வந்தவன்தான். முளைத்ததைப் பறிப்பது, கிடைத்ததைப் பயன்படுத்துவது, பழசைத் தூக்கி எறியாமல் இருப்பது எல்லாமே நல்ல வழக்கங்கள். ஆனால் இப்போது அது ஓர் அலையாகிவிட்டது. வார இறுதியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் கிளம்புகிறோம். 'காசே இல்லாமல் காட்டுச் சமையல்' என்று ரீல்ஸ் ஓடுகிறது. பறிக்கிறார்கள், வதக்குகிறார்கள், தட்டில் வைத்துச் சிரிக்கிறார்கள், வீடியோ முடிந்துவிடுகிறது. அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்தது என்று யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

காளான்: ராத்திரி வேலை காட்டும் விஷம்

எங்கள் முறத்தில் இருந்தது, உருவத்தை வைத்துப் பார்த்தால், குளோரோஃபில்லம் என்ற வகை. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் புரட்டிப் போடும். ஆனாலும் பெரும்பாலும் உயிரை எடுக்காது. அதைவிடப் பயங்கரமானவை அமானிட்டா குடும்பத்துச் சில காளான்கள். அவற்றைத் தின்றால் முதல் ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும், ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதுவும் ஒரு நாளில் அடங்கி, 'சரியாயிடுச்சு' என்று எழுந்து உட்காருவார்கள். உள்ளே ஈரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போகும்போது பல நேரம் கை மீறியிருக்கும்.

2022 ஏப்ரலில் அசாமில் இதுதான் நடந்தது. காட்டுக் காளான் சமைத்துச் சாப்பிட்டு திப்ரூகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தவர்களில் 13 பேர் சில நாள்களுக்குள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். காளான் பறிப்பது பழக்கமான மக்கள் அவர்கள். அவர்களுக்கே கண் தப்புகிறது என்றால், போனை நீட்டிப் பார்க்கும் நமக்கு?

இதில் நம் வீடுகளில் புழங்கும் 'சோதனைகள்' வேறு. வெள்ளிக்காசு போட்டால் கறுக்கும், பூண்டு போட்டால் நிறம் மாறும், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான், நன்றாகக் கொதித்தால் விஷம் போய்விடும். நான்குமே பொய். அமானிட்டா நஞ்சு கொதிக்கும் குழம்பில் அழியாது, வெள்ளியையும் கறுக்க வைக்காது. பூச்சியின் வயிறு வேறு, நம் வயிறு வேறு.

போனும் புத்தகமும் காப்பாற்றும் என்று இருக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய காளான் கையேடுகள் இணையக் கடையில் விற்பனைக்கு வந்ததைப் பார்த்து, 2023-ல் நியூயார்க் காளானியல் சங்கமே 'இவற்றை நம்பினால் உயிர் போகும்' என்கிற அளவுக்கு எச்சரிக்க வேண்டியிருந்தது. செயலி பார்ப்பது குடையின் மேல்பக்கத்தை. ஆத்தா பார்த்தது அடிப்பக்கத்தையும் முளைத்த இடத்தையும்.

கிழங்கு: அழகுப் பூவின் அடியில்

தமிழ்நாட்டின் மாநிலப் பூ எது? செங்காந்தள். நெருப்புச் சுடர் போலச் சிவப்பும் மஞ்சளுமாக இதழ் விரியும் அந்தக் கொடிக்குக் கண்வலிப்பூ, கலப்பைக்கிழங்கு என்றும் பெயர் உண்டு. கிழங்கு கலப்பை மாதிரி கவைத்திருப்பதால் வந்த பெயர். ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கமெல்லாம் மருந்து விதைக்காகவே இதைப் பயிர் செய்கிறார்கள். விதையிலும் கிழங்கிலும் இருப்பது கோல்ச்சிசின். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் இருந்தால் கீல்வாத மருந்து. கிழங்காகத் தட்டில் விழுந்தால் எமன்.

மழைக்குப் பின் கொடி காய்ந்து, பூ போன பிறகு, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தோண்டி அவித்துத் தின்றவர்கள் இங்கேயும் உண்டு, இலங்கையிலும் உண்டு. அவித்தாலும் இந்த நஞ்சு போகாது. சில மணி நேரத்தில் காலரா மாதிரி வாந்திபேதி, அடுத்த நாள்களில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். பிழைத்து எழுந்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் தலைமுடி கொத்தாகக் கொட்டும்.

மலைவாழ் மக்கள் காட்டுக்கிழங்கு தோண்டித் தின்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் கொடியின் இலையைப் பார்த்துத்தான் தோண்டுகிறார்கள். சில வகைகளைச் சீவி, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுப் பிறகே அவிக்கிறார்கள். நாம் பார்ப்பது தட்டில் இருக்கும் கிழங்கை மட்டும். அதற்கு முந்தைய வேலையை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அதோடு, காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தோண்டுவதும் பறிப்பதும் குற்றம். காட்டு விளைபொருள் மீது அந்த மக்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் தரும் உரிமை, சனிக்கிழமை காரில் போய் இறங்கும் நமக்குக் கிடையாது.

கொட்டை: பிள்ளைகளின் கைக்கு எட்டுவது

பெரியவர்கள் சமைத்துத் தின்று மாட்டிக்கொள்கிறோம். பிள்ளைகளோ விளையாடும்போதே மாட்டிக்கொள்கிறார்கள்.

காட்டாமணக்கு: வேலிக்கு நட்டது, பயோடீசல் கனவில் நட்டது என்று ஊரெங்கும் நிற்கிறது. கொட்டையை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு, ருசி கிட்டத்தட்ட நிலக்கடலை மாதிரி. அந்த ருசிதான் ஆபத்து. ஒரு பையன் தின்று 'நல்லாருக்குடா' என்றால் வகுப்பே தின்னும். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

குன்றிமணி: சிவப்பு உடம்பு, கறுப்புக் கண். அந்தக் காலத்தில் தட்டான் தங்கம் நிறுத்த மணி. ஓடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். மென்றாலோ, மாலை கோக்க ஊசியால் துளை போட்டதை வாயில் வைத்தாலோ உள்ளே இருக்கும் ஆப்ரின் சும்மா விடாது. 'இயற்கைப் பாசிமணி' என்று குழந்தை கழுத்தில் கட்டாதீர்கள்.

அரளி: இலை, பூ, விதை, குச்சி என்று எல்லாமே இதயத்தைத் தாக்கும். கேரளத்தில் அரளியைத் தின்றதால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு மரணத்துக்குப் பின், 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது. கூட்டாஞ்சோறு ஆக்கும் பிள்ளைகளுக்கு ஒரே வார்த்தை சொல்லி வையுங்கள்: அரளிக் குச்சியால் கிண்டாதே, அதை அடுப்பில் வைக்காதே.

ஊமத்தை: 2020 ஏப்ரலில், கொரோனாவுக்கு மருந்து என்று டிக்டாக் வீடியோ ஒன்றைப் பார்த்து ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் ஊமத்தங்காய் விதையை அரைத்துக் குடித்தார்கள். முள்ளுமுள்ளாக இருக்கும் அந்தக் காய் கொரோனா படம் மாதிரியே இருக்கிறதாம்! பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்ற வைக்கும் செடி அது.

கீரை: பேர் சரி, ஊர் தப்பு

இதுவரை சொன்னது பேர் தப்பிய கதை. கீரையில் ஊரும் தப்பும்.

பொன்னாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி இன்னொன்று ஏரியிலும் சாக்கடைக் கால்வாயிலும் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். அலிகேட்டர் வீட் என்கிற தென் அமெரிக்கக் களை. ஆஸ்திரேலியாவில் குடியேறிய இலங்கையர்கள் இதைத் தங்கள் ஊர்ப் பொன்னாங்கண்ணி என்று நம்பிக் கொல்லையில் வளர்த்தது 1990-களில் தெரியவந்து, அரசாங்கமே வீடு வீடாகப் போய் நல்ல கீரையைக் கொடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. சொந்த ஊர்க் கீரையிலேயே ஏமாந்தவர்கள் அவர்கள்.

வித்தியாசம் பூவில் இருக்கிறது. நம் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். களையின் பூ விரல் நீளக் காம்பில் எழுந்து பந்து மாதிரி நிற்கும், தண்டும் உள்ளே கூடாக இருக்கும். பூக்கும் முன் பறித்தால்? தெரியாது. தெரியாவிட்டால் பறிக்காதீர்கள்.

சரி, உண்மையான பொன்னாங்கண்ணியே ஆனாலும் எங்கே முளைத்தது? சாயப்பட்டறைக் கழிவு ஓடும் வாய்க்காலா, பேருந்துப் புகை படியும் சாலையோரமா, நேற்றுக் களைக்கொல்லி அடித்த வரப்பா? தண்ணீரில் இருக்கும் காரீயத்தையும் காட்மியத்தையும் கீரை உறிஞ்சி இலையில் வைத்துக்கொள்ளும். மூன்று தண்ணீரில் அலசினாலும் உள்ளே போனது வெளியே வராது. தளதளவென்று இருக்கிறதே என்று மயங்காதீர்கள், சாக்கடையோரக் கீரைதான் ரொம்பத் தளதளப்பாக இருக்கும்.

'பேய்' என்று பேர் வைத்தவர்கள்

நம் முன்னோர் எச்சரிக்கையைச் செடியின் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கொம்மட்டி. நாட்டுச் செடியின் முகம், ஆனால் தொண்டையைக் கீறும் கசப்பு. அந்தக் கசப்புக்குப் பெயர் குக்கர்பிட்டாசின்.

குப்பைமேட்டில் தானாக முளைத்த சுரைக்கொடி, வேலியில் தானாகப் படர்ந்த பீர்க்கு இதெல்லாம் சிக்கன வீட்டுக்கு வரம் மாதிரி தெரியும். நல்ல சுரைக்காயே சில சமயம் கசந்து போகும். 'சுகருக்கு நல்லது' என்று அந்தக் கசந்த சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, ரத்த வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரையே விட்டவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிபுணர் குழு சொன்னது இதுதான்: கசந்தால் குடிக்காதே. நறுக்கும்போதே ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காயைக் குழிக்கு அனுப்புங்கள். பாகற்காய் கசக்கலாம், சுரைக்காய் கசக்கக் கூடாது.

டப்பா: போன பிறவியில் என்ன?

இனி சிக்கனத்தின் அடுத்த பக்கம். நல்ல மூடியோடு கெட்டியாக ஒரு கேன் சும்மா கிடைத்தால் விட மனசு வருமா?

2013 ஜூலை 16. பீகார் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளி. மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் புழங்கியதுதான் வினை என்று சொல்லப்பட்டது.

பூச்சிமருந்து பிளாஸ்டிக்கிலேயே ஊறிவிடும். சோப்பு, சாம்பல், வெந்நீர் எதுவும் அதை முழுக்க எடுக்காது. லேபிளில் சாய்சதுரத்துக்குள் நிறம் இருக்கும்: சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை. சிவப்பு கொடிய நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு. பச்சையைப் பார்த்து 'இயற்கை' என்று நினைப்பவர்கள் நிறைய. அது நஞ்சின் கடைசிப் படி, அவ்வளவுதான். காலியான டப்பாவில் ஆணி அடித்து ஓட்டை போட்டுவிடுங்கள், அடுத்தவரும் எடுக்க முடியாமல் போகட்டும்.

ஈயச் சொம்பு: ஒரே பேர், ரெண்டு சாமான்

பாட்டி காலத்து ரசத்துக்கு ஆசைப்பட்டுப் பழைய பாத்திரக் கடையில் ஈயச் சொம்பு தேடுகிறோம். இங்கே நம் மொழியே கொஞ்சம் கால் வாரும். வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசத்துக்கானது வெள்ளீயம். காரீயமோ குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளியும் தக்காளியும் கொதிக்கும் ரசம் காரீயத்தைக் கரைத்து எடுக்க ஏற்ற திரவம்.

வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுகிறதா, அளவுக்கு மீறிக் கனக்கிறதா, கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இரண்டையும் கலந்து வார்த்திருந்தால் வீட்டுச் சோதனை எதுவும் காட்டிக் கொடுக்காது. வாங்கிய இடமும் வார்த்தவரும் தெரியாத சொம்பு அலமாரியில் அழகுக்கு இருக்கட்டும். பித்தளைப் பாத்திரத்திலும் உள்ளே வெள்ளீயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளிக்குழம்பு வைக்காதீர்கள், களிம்பு ஏறிக் குமட்டும்.

கடைசியாக ஒன்று. மலைத்தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தொட்டு வைக்காதீர்கள். சேனை வைக்கும் வழக்கம் இருந்தாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர்ச் சிதல்கள் பச்சிளங்குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கலாம்.

தப்பு நடந்துவிட்டால்

- வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சாணிக் கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழலில் போனால் அதுவே ஆளைக் கொல்லும்.
- 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தைக் கட்டணமில்லாத 1800 116 117 எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.
- தின்றது என்ன, எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் செடி, காளான், கிழங்கு, குழம்பு எதையும் கொட்டிவிடாமல் காகிதத்திலோ டப்பாவிலோ எடுத்துப் போங்கள்.
- ஒரே சட்டியில் சாப்பிட்ட அத்தனை பேரும் போக வேண்டும். 'எனக்கு ஒண்ணும் பண்ணலை' என்பவரும்தான். காளானில் தாமதமாக வரும் வாந்திதான் அதிக ஆபத்து.
- நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு ராத்திரியைக் கழிக்காதீர்கள்.

அப்படியானால் எதைத்தான் பறிப்பது?

பத்து செடி போதும். முருங்கை, பிரண்டை, தூதுவளை, முடக்கத்தான், குப்பைக்கீரை, கோவை, சுண்டை, நாவல், இலந்தை, கொடுக்காப்புளி. ஒவ்வொன்றையும் பூவோடும் காயோடும் விதையோடும், அதைத் தின்று வளர்ந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட, ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துப் பழகுங்கள். முடக்கத்தானின் பலூன் காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக ஒரு இதயம் வரைந்திருக்கும். என் மகள் அதைப் பார்த்த நாளிலிருந்து முடக்கத்தானை மறக்கவில்லை. காட்டுக் காளானை மட்டும் அந்தப் பத்தில் சேர்க்காதீர்கள்.

சும்மா கிடைப்பதற்கு விலை இல்லை என்று நினைக்கிறோம். அந்த விலையை யாரோ எப்போதோ கொடுத்துவிட்டார்கள். எதைத் தின்றால் சாவோம் என்பதைச் செத்துத்தான் ஊர் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஆத்தா மாதிரி ஆள்களிடம் இருக்கிறது. கேட்டால் தருவார்கள்.

நானும் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டதாகத்தான் நினைத்தேன். போன மாதம் பழைய சாமான் கடையில் ஒரு நீல டிரம் மலிவாகக் கிடைத்தது. மழைத்தண்ணீர் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கழுவக் குழாயைத் திறந்தபோது மகள் டிரம்மைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். லேபிளைக் கிழித்த தடம் மட்டும் இருந்தது.

"அப்பா, இதுக்குப் பேரு என்ன?"

"டிரம்மு."

"அதில்ல. உள்ள என்ன இருந்துச்சு? எந்த ஊருலேர்ந்து வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்கும் தெரியவில்லை, போன் போட்டுக் கேட்டேன். இப்போது அந்த டிரம்மின் அடியில் ஓட்டை. வாசலில் அதில் செவ்வந்தி பூத்திருக்கிறது.